அமர்த்திய பிக்கு

வணக்கம்.

பாளி அறிஞர் ரைஸ் டேவிட்ஸைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். அவர் இலங்கையில் வெள்ளை அதிகாரி. முறைகேடாக அபராதம் வாங்கியதற்காக வேலையை விட்டு நீக்கப்பட்டவர். அங்கே ஒரு பிக்குவைச் சம்பளத்துக்கு அமர்த்தி, பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியைக் கற்று, லண்டனில் பேராசிரியர் ஆனார். இவரைக் கொண்டாடத்தான் வேண்டுமா? பாளி படிக்க எங்கே தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

செ.

அன்புள்ள செ.,

அபராத விஷயம் உண்மை. 1871இல் நுவரகலாவிய என்ற பகுதியின் உதவி அரசாங்க அதிபராக, அதாவது நிர்வாக அதிகாரியாக, அனுராதபுரம் போனார். அந்தப் பகுதி அப்போது வட மாகாணத்தில் இருந்தது. மேலதிகாரி யாழ்ப்பாணத்திலிருந்த ட்வைனம். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. விசாரணை வந்தது, வேலை போயிற்று. குடிகளிடமும் தன் ஊழியர்களிடமும் டேவிட்ஸ் வாங்கிய அபராதத்துக்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை.

ஆனால் ‘அமர்த்தி’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

அதற்கு முன்பு காலி நகரில் அவர் நீதிபதியாக இருந்தபோது பௌத்த சங்க விதிகள் சம்பந்தமான வழக்கு ஒன்று வந்தது. சாட்சியமாக வைத்த ஆவணம் பாளியில் இருந்தது. ஜெர்மனியில் சம்ஸ்கிருதம் படித்த மனிதர், பாளியை முதலில் பார்த்தது அங்கேதான். அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் யாத்ராமுல்லே உன்னான்சே என்ற பிக்கு. தீராத நோய், கடும் வலி, மரணம் பக்கத்தில். அந்த நிலையில் தன் இருப்பிடத்தை விட்டு வந்து ஓர் அந்நியனுக்குப் பாடம் சொன்னார். குழிவிழுந்த கண்களில் ஒரு விசித்திர ஒளி இருந்தது என்றும், இலக்கணத்தை விட்டுவிட்டுப் புத்தரின் போதனைக்கே போய்விடுவார் என்றும் மாணவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதற்கா ‘அமர்த்தி’?

எனக்கு நன்னூல் சொல்லித்தந்த ஐயாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. டயாலிசிஸ் முடிந்து வந்த மாலையிலும், முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சூத்திரம் சொல்வார். “இன்னைக்கு வேண்டாங்கய்யா” என்றால், “உனக்கு நாளைக்கும் இருக்கு, எனக்கு இல்லப்பா” என்பார். ஒருமுறை கவரில் பணம் வைத்துக் கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால், உயிரீற்றுப் புணரியல் பக்கத்தில் அதே கவர். அடுத்த ஆடியில் அவர் போய்விட்டார். பணம் கைமாறினால்கூட அது கூலி ஆகாது, செ. சாகக் கிடப்பவர் தன்னிடம் மிஞ்சியதை ஒருவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். அதற்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. தேடி எழுதுங்கள்.

1881இல் டேவிட்ஸ் பாளி நூற்கழகத்தைத் தொடங்கினார், மறு வருஷம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பாளிப் பேராசிரியர். 1922இல் அவர் இறக்கும்போது கழகம் 64 நூல்களை 94 தொகுதிகளாக, 26,000 பக்கங்களுக்கு மேல் அச்சிட்டிருந்தது. அவற்றில் எதை எடுத்தாலும் எனக்கு அந்தக் குழிவிழுந்த கண்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

கொண்டாடுவதும் விடுவதும் உங்கள் பாடு.

சரி, பாளி. தம்மபதம் என்ற பௌத்தப் பாடல் நூலில் தொடங்குங்கள்; சின்னச் சின்னப் பாட்டு, சொற்கள் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் பாளி தெரிந்த பிக்கு யாராவது இருந்தால் நேரே போய்க் கேளுங்கள். பழம் வாங்கிக்கொண்டு போங்கள். நண்பகலுக்கு முன்னால் போங்கள், அதற்குப் பிறகு அவர்கள் சாப்பிடமாட்டார்கள்.