மூளையைத் தானம் கொடுத்தால் ஜாடிக்குள் அது விழித்திருக்குமா?

கேள்வி: இறந்த பிறகு என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று இருந்தேன். வெட்டிய பன்றித் தலையில் மூளைக்கு உயிர் கொடுத்த செய்தியைப் படித்ததிலிருந்து தூக்கம் போச்சு. உடம்பு இல்லாமல் இருட்டில் வலியோடு கிடக்க வேண்டியிருக்குமா?

பதில்: கிடக்க வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் இருப்பது போன்ற மூளை வங்கிகளில் மூளையை ஃபார்மலினில் போட்டு வைப்பார்கள், அல்லது மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள். அதற்குள் உணர்வதற்கு யாரும் இல்லை.

நீங்கள் படித்தது 2019இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் விஞ்ஞானி நெனாத் செஸ்டானின் குழு செய்த சோதனை. இறைச்சிக்கூடத்தில் வெட்டிய 32 பன்றிகளின் மூளைகள்; வெட்டி நாலு மணி நேரம் கழித்து, ரத்தத்துக்குப் பதில் ஒரு திரவத்தை ஆறு மணி நேரம் ஓட்டினார்கள். செல்கள் சர்க்கரையை எரித்தன, ரத்தக் குழாய்கள் மருந்துக்கு அசைந்தன, ஆனால் நினைவு திரும்பியதைக் காட்டும் மின் அலை எதுவும் எழவில்லை. எழக்கூடாது என்றுதான் நரம்புகளை அடக்கும் மருந்தைத் திரவத்திலேயே கலந்திருந்தார்கள். தலைப்புச் செய்திகளில் இது வராது, வந்தால் யார் படிப்பார்கள்?

சரி, நிஜமாகவே ஒரு மூளை விழித்திருந்தால்? இருட்டு என்று நினைக்காதீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இப்போது என்ன தெரிகிறது? கறுப்பு இல்லை, ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். அப்புறம், மூளை சும்மா இருக்காது. 1950களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மங்கலான கண்ணாடி மாட்டி, கைகளுக்கு உறை போட்டு, நாளைக்கு 20 டாலர் கொடுத்துச் சும்மா படுக்க வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளைத் தாண்டவில்லை. தோளில் மூட்டை சுமந்த அணில்கள் பனியில் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறார் ஒருவர். வெளியிலிருந்து எதுவும் வராவிட்டால் மூளை தானே படம் ஓட்டும்.

வலி? மூளைத் திசுவுக்கு வலிக்காது, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அறுவை சிகிச்சை செய்கிறோம். ஆனால் சர்க்கரை நோயால் காலை எடுத்தவர், இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று வெறும் விரிப்பைச் சொறிவதை வார்டில் எத்தனையோ முறை பார்த்தாயிற்று. உடம்பே போனால் உடம்பு முழுக்க அப்படி இருக்கலாம், அதில் வலியும் இருக்கலாம். இது என் ஊகம்தான். இன்னொரு சாத்தியமும் உண்டு, அது வெறுமனே தூங்கிவிடலாம்: 1930களில் பிரேமர் என்ற பெல்ஜிய விஞ்ஞானி பூனையின் நடுமூளையை அறுத்து, உடம்பிலிருந்து மேலே போகும் செய்திகளைத் துண்டித்தபோது மேல்மூளை தூக்க அலைகளையே காட்டியது.

உங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள், வீட்டிலும் சொல்லி வையுங்கள். இறந்த சில மணி நேரத்துக்குள் மூளை வங்கிக்கு ஃபோன் பண்ண வேண்டியது வீட்டில் இருப்பவர்கள்தான்.