தோட்டத்து டிவியில் தெரிகிறது, போனில் தெரியவில்லை: என்ன செய்வது?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில் சாளைக்கும் (தோட்டத்து வீட்டுக்கும்) கொப்பரைக் களத்துக்குமாக நாலு கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள், நான் வேலைக்காகத் திருப்பூரில். போன மாதம் இன்டர்நெட் கனெக்ஷனை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அதிலிருந்து என் போனில் ‘டிவைஸ் ஆஃப்லைன்’ என்றே வருகிறது. தோட்டத்து டிவியில் நாலு கேமராவும் நன்றாகத் தெரிகிறதுங்க. மாட்டிக் கொடுத்தவரைக் கேட்டால், ‘டிவிஆர் போயிருச்சு, புதுசு மாத்திக்கலாம்’ என்கிறார். மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பணம் கொடுத்துவிடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். டிவியில் நாலு படமும் வருகிறது என்றால் கேமரா, கேபிள், டிவிஆர் எல்லாம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. டிவிக்குப் போகும் படத்துக்கு இன்டர்நெட்டே தேவையில்லை. உங்கள் போனுக்கு வருவதுதான் வேறு வழி: டிவிஆர், அதிலிருந்து ரூட்டர், அங்கிருந்து கேமரா கம்பெனியின் சர்வர், கடைசியில் போன். கனெக்ஷனோடு சேர்ந்து நீங்கள் மாற்றியது ரூட்டரை. அப்படியென்றால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

டிவிஆரின் பின்புறம், ரூட்டரிலிருந்து வரும் லேன் கேபிள் சொருகும் இடத்தில் குட்டி விளக்குகள் இருக்கும். அப்பாவை வீடியோ காலில் கூப்பிட்டு அதைக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரியவில்லை என்றால், புது ரூட்டர் வைத்தவர் அந்தக் கேபிளைச் சொருகாமலே போயிருக்கலாம், எலி கடித்திருக்கலாம், முனையில் உள்ள பிளாஸ்டிக் கிளிப் உடைந்து தளர்ந்திருக்கலாம். நல்ல கேபிள் ஒன்றைப் போட்டும் எரியவில்லை, ரூட்டரில் வேறு துளைக்கு மாற்றியும் எரியவில்லை என்றால் மட்டும் டிவிஆரின் லேன் போர்ட் மேல் சந்தேகப்படலாம். இடி மின்னலுக்கு அது மட்டும் தனியாகப் போவது உண்டு.

விளக்கு எரிகிறது என்றால், உங்கள் கதையில் பெரும்பாலும் கோளாறு ஐபி முகவரியில்தான் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் எண்) இருக்கும். மாட்டும்போது டிவிஆருக்கு 192.168.1.50 என்பது மாதிரி ஒரு நிலையான முகவரி கொடுத்திருப்பார்கள். பழைய ரூட்டர் 192.168.1.1 ஆக இருந்தவரை சரியாக ஓடியது. புது ரூட்டர் 192.168.29.1 அல்லது 192.168.0.1 என்று இருந்தால், மூன்றாவது எண் ஒத்துப்போகாததால் டிவிஆருக்கு வெளியே போக வழியே தெரியாது. டிவிஆரில் மவுஸை வலது கிளிக் செய்து, மெயின் மெனுவில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போங்கள். டிஹெச்சிபி என்று ஒரு கட்டம் இருக்கும். அதை ஆன் செய்து சேமித்து, டிவிஆரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். புது ரூட்டருக்கு ஏற்ற முகவரியை அதுவே வாங்கிக்கொள்ளும். டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) என்ற கட்டம் காலியாக இருந்தால் 8.8.8.8 என்று போடுங்கள்.

அப்புறம் அதே நெட்வொர்க் மெனுவில் பி2பி அல்லது கிளவுட் என்றொரு பக்கம் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். கேமரா கம்பெனியின் சர்வர் வழியாக டிவிஆரையும் போனையும் இணைக்கும் வசதி அதுதான். அதில் ‘ஆன்லைன்’ என்று வந்துவிட்டால் உங்கள் போனிலும் படம் வந்துவிடும். கேமரா மாட்டுபவருக்கு இது கால்மணி நேர வேலை. இதைப் பார்க்காமலேயே ‘போயிருச்சு’ என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. பழைய இணைப்பில் பி2பி இல்லாமல், ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டு (வெளியிலிருந்து நேராக டிவிஆருக்கு வர வழிவிட்டு) ஓட்டியிருக்கலாம். இப்போது வரும் பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனி பொது ஐபி (வெளி இணையத்தில் தெரியும் முகவரி) கிடையாது, பல வீடுகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். அங்கே போர்ட் திறந்தாலும் பயனில்லை, பி2பிக்கு மாறுவதே வழி. பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது. 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் கூட்டமாகப் பிடித்தது. உங்கள் டிவிஆரில் இன்னும் மாட்டின அன்று போட்ட பாஸ்வேர்டே இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மாற்றியதும் போன் ஆப்பிலும் புது பாஸ்வேர்டைப் போட மறக்காதீர்கள்.

ஒன்று கேட்கிறேன்: அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கிறதா, மாட்டியவரிடமா? ஆப் கணக்கு யாருடைய மொபைல் எண்ணில் இருக்கிறது? பல வீடுகளில் மாட்டியவரே தன் எண்ணில் கணக்குத் தொடங்கி, வீட்டுக்காரருக்கு ஷேர் மட்டும் செய்துவிடுகிறார். உங்கள் அம்மா களத்தில் கொப்பரை காயப் போடுவதை அவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கியவர் நீங்கள். கணக்கை விடுவித்துத் தரச் சொல்லி, டிவிஆரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை உங்கள் ஆப்பில் ஸ்கேன் செய்து உங்கள் பெயரில் சேருங்கள். தர மறுத்தால் பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். களம் தொழில் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே நடத்தும் தொழிலுக்கு வாங்கிய பொருளும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வரும்.

புது டிவிஆர் நியாயமாகத் தேவைப்படும் இடம் என்றால், லேன் போர்ட் எரிந்திருக்க வேண்டும், அல்லது உங்கள் மாடலுக்கான ஆப்பையும் சர்வரையும் கம்பெனியே நிறுத்தியிருக்க வேண்டும். அப்போதும் பழைய கேமராக்களை ஏற்கும் டிவிஆரா என்று பார்த்து வாங்கினால் கேமராக்கள் தப்பிக்கும்.

கேள்வி: நாமக்கல் அருகே கோழிப்பண்ணை. போனில் லைவ் நன்றாக வருகிறது. தீவனக் கிடங்கில் மூட்டை குறைந்த நாளைத் தேடினால் ரெக்கார்டிங் எதுவும் இல்லை. டிஸ்க்கை ஃபார்மட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது! இருக்கும் பதிவும் போய்விடும். முதலில் திரையின் மூலையில் ஓடும் தேதியைப் பாருங்கள். அடிக்கடி கரண்ட் போகும் இடங்களில், உள்ளே இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். அப்படியானால் உங்கள் பதிவு அந்தத் தவறான தேதியின் கீழே இருக்கும். அங்கே தேடுங்கள், கிடைத்ததும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பேட்டரியை மாற்றி நேரத்தைச் சரிசெய்துவிட்டால் கடிகாரம் மறுபடி பின்னால் போகாது.

தேதி சரி என்றால் டிஸ்க் நிலை என்ன என்று மெனுவில் பாருங்கள். எரர் என்று வந்தால் டிஸ்க் பழுது. நார்மல் என்றால், பழைய பதிவின் மேல் புதுப் பதிவு எழுதப்பட்டிருக்கலாம். ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்கப் பதிந்தால் சுமார் 21 ஜிபி ஆகும். நாலு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் 11 நாள் தாங்கும், எட்டு கேமராவுக்கு ஐந்தாறு நாள்தான். மூட்டைக் கணக்கை மாதக் கடைசியில் பார்க்கும் பண்ணைக்கு அது போதாது. பெரிய டிஸ்க் வாங்குங்கள், அதுவும் சிசிடிவிக்கென்றே வரும் சர்வைலன்ஸ் டிஸ்க்காக. கம்ப்யூட்டர் டிஸ்க் விலை குறைவு என்று போட்டுவிடுகிறார்கள், இரவு பகலாக எழுதும் வேலைக்காக அது செய்யப்பட்டதில்லை.

கேள்வி: அந்தியூர் பக்கம் காட்டில் சிம் போட்ட ரூட்டர். ஒரு கேமரா வந்தால் இன்னொன்று சுற்றிக்கொண்டே நிற்கிறது. டிவிஆரை மாற்றலாமா?

பதில்: தேவையில்லை. இங்கே கணக்கில் வருவது அப்லோட் வேகம், அதாவது அங்கிருந்து இணையத்துக்குப் படத்தை அனுப்பும் வேகம். ஆப்பில் மெயின் ஸ்ட்ரீமை (முழுத் தரப் படம்) விட்டு சப் ஸ்ட்ரீமுக்கு (தரம் குறைந்த படம்) மாறுங்கள், ஹெச்டி என்று இருப்பதை எஸ்டி ஆக்குங்கள். டிவிஆரில் சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸுக்குள் வையுங்கள். பதிவு தரம் குறையாது, போனுக்கு வரும் படம் மட்டும் கொஞ்சம் மங்கும். ரூட்டரை ஜன்னல் ஓரம் உயரத்தில் வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.