கரை வேட்டியும் பள்ளி நாற்காலியும்

(வடசென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வுபெற்ற டீச்சர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறான் என் மகன். அவன் ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தலில் ஒரே ஆள் இரண்டு கட்சியிலும் போட்டி போடுகிறாராம். எனக்குக் காது குத்துகிறானா?
– அண்ணா நகர் வாசகர்

உங்கள் மகன் சொல்வது உண்மைதான் சார். 2023-இல் என் தங்கை மகன் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். பக்ஸ் கவுண்டி என்று அதே மாநிலத்தில் ஓர் இடம். வாசலுக்கு வாசல் புல்வெளியில் குட்டிப் பலகை நட்டிருந்தார்கள். நான் வீடு விற்பனைக்கு என்று நினைத்துக்கொண்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் பள்ளி வாரியத்துக்கு நிற்பவர்களின் பெயர்!

அங்கே ஒரு வட்டாரத்துப் பள்ளிகளை நிர்வகிக்க 9 பேர் கொண்ட வாரியம். நான்கு வருடப் பதவி, சம்பளம் கிடையாது. நவம்பர் தேர்தலுக்கு முன்னால் மே மாதம், வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய ஒவ்வொரு கட்சிக்கும் உள்தேர்தல் நடக்கும். பெரும்பாலான பதவிகளுக்கு நிற்பவர் தன் கட்சியில்தான் மனுப் போட முடியும். பள்ளி வாரியத்துக்கும் சில நீதிபதி பதவிகளுக்கும் நிற்பவர்கள் இரண்டு கட்சியின் உள்தேர்தலிலும் பெயர் கொடுக்கலாம். ஒருவர் இரண்டிலும் ஜெயித்துவிட்டால் நவம்பர் வாக்குச்சீட்டில் இரண்டு கட்சியின் பெயரும் அவருக்கே. அதாவது, ஆட்டம் மே மாதமே முடிந்த மாதிரிதான். இதில் மாட்டிக்கொள்பவர்கள் எந்தக் கட்சியிலும் பெயர் பதியாதவர்கள். அவர்களுக்கு உள்தேர்தலில் ஓட்டு இல்லை.

பள்ளியில் கட்சி வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான் இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் என்கிறார்கள். ஆனால் ஓட்டுப்போட்டு வந்த தங்கை மகன் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. யார் யாருக்குப் போட வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வாசலிலேயே கொடுத்தது. நம் ஊரில் வாக்குச்சாவடிக்கு 100 மீட்டருக்குள் பிரசாரம் கூடாது. அங்கே 10 அடி தள்ளி நின்றால் போதுமாம். அந்த வருடம் அங்கே சண்டை நூலகப் புத்தகங்களைப் பற்றி. எந்தப் புத்தகம் இருக்கலாம், எது கூடாது என்று. சென்ட்ரல் பக்ஸ் வட்டாரத்தில் காலியான 5 இடத்தையும் ஜனநாயகக் கட்சி ஆதரித்தவர்கள் பிடித்தார்கள். அதுவரை குடியரசுக் கட்சிப் பக்கம்தான் பெரும்பான்மை.

அப்படியானால் கட்சிப் பெயரே இல்லாமல் நடத்தினால் சுத்தமாக இருக்குமா?
– தாம்பரம் வாசகி

ஃபுளோரிடாவைப் பாருங்கள். 1998-இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, பள்ளி வாரியத் தேர்தலில் கட்சிப் பெயர் கூடாது என்று வைத்தார்கள். 2022-இல் அந்த மாநில ஆளுநர் ரான் டிசாண்டிஸ் தானே முன்வந்து வேட்பாளர்களைப் பெயர் சொல்லி ஆதரித்தார். (அங்கே ஆளுநர் என்றால் நம் முதல்வர் மாதிரி, ஓட்டில் வருகிறவர்.) சீட்டில் கட்சி இல்லை, ஊர் முழுக்கக் கட்சி. சரி, கட்சிப் பெயரையே மறுபடி போட்டுவிடலாமா என்று 2024-இல் மக்களைக் கேட்டார்கள். சுமார் 55 சதவீதம் பேர் போடலாம் என்றார்கள். ஆனால் 60 சதவீதம் வேண்டும் என்பது விதி. அதனால் பழையபடியே.

நமக்கு இது புதிதா என்ன? கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவி மாதிரி ஏதாவது கொடுப்பார்கள். செங்கல்பட்டுப் பக்கம் என் அக்கா ஊரில் பூட்டு சாவி யாருடைய ஆள் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான். அசலூரிலிருந்து புதிதாகக் குடிவந்தவருக்குத்தான் தெரியாது. மறைக்கிறபோது ஏமாறுவது அவர்தான். எனக்கு இதுவா அதுவா என்றால், ஆதரவு வெளிச்சத்தில் இருப்பதே மேல்.

எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் மேலாண்மைக் குழுவுக்கு ஆள் எடுத்தார்கள். வட்டச் செயலாளர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "இந்த அம்மாதான் தலைவி, கை தூக்குங்க" என்றார். அந்த அம்மாவின் பிள்ளையும் அங்கேதான் படிக்கிறது. எல்லாரும் கை தூக்கினோம். நானும்தான். இது சரியா டீச்சர்?
– ஒரு தாய், வியாசர்பாடி

எந்தக் கட்சி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் அச்சில் எடுத்துவிட்டேன். எந்தக் கட்சி ஆண்டாலும் எனக்கு இந்தக் கடிதம் வரும் அம்மா.

முதலில் சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். 2022-இல் நம் மாநிலத்தில் 20 பேர் குழுவாக அமைத்தபோது 15 பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். கவுன்சிலர் போன்ற உள்ளாட்சிப் பிரதிநிதிக்குக் குழுவில் தனி இடம் உண்டு. கவனியுங்கள், அவருக்கு நாற்காலி இருக்கிறது. வட்டச் செயலாளருக்கு இல்லை. அவர் பிள்ளை அங்கே படித்தால் பெற்றோர் வரிசையில் உட்காரட்டும், யார் வேண்டாம் என்றது?

அந்த அம்மா கட்சிக்காரர் என்பதற்காக அவரைத் தள்ளாதீர்கள். கட்சியில் இருக்கும் தாயும் தாய்தான். கெட்டிக்காரியாக இருந்தால், கழிப்பறைத் தண்ணீருக்கு கவுன்சிலரை நடுராத்திரியில்கூட எழுப்புவார். அப்படிப்பட்ட ஒருவர் எனக்குக் கிடைத்தார். அதற்கு அடுத்த குழுவில் வந்தவரைக் கையெழுத்துக்காக நானே வீடு தேடிப் போக வேண்டியிருந்தது. இரண்டு பேரையும் அனுப்பியது ஒரே ஆள்!

எனக்கு உறுத்துவது அந்தக் 'கை தூக்குங்க'. வீட்டு ஓனர், கடன் கொடுத்தவர், ரேஷன் கார்டுக்கு அலைந்து உதவியவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் கையைத் தூக்காமல் எப்படி இருப்பது? ஒருமுறை நான் பழைய கணக்கு நோட்டைக் கிழித்துச் சீட்டாக்கி, பெயர் எழுதிப் போடச் சொன்னேன். எழுதத் தெரியாதவர்களுக்குக் கரும்பலகையில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு, இரண்டு கோடு என்று போட்டு வைத்தேன். அதைப் பார்த்துச் சீட்டில் கோடு போட்டார்கள். சாக்பீஸ் டப்பாதான் பெட்டி. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் முகம் அன்றைக்குப் போன போக்கை இன்னும் நான் மறக்கவில்லை. அடுத்த முறை தலைமை ஆசிரியரிடம் நாலு தாய்மாராகச் சேர்ந்து போய்ச் சீட்டு கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பகுதியில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும். அவர்களுக்கு இங்கே வார்டில் ஓட்டு இல்லாமல் இருக்கலாம், அதனால் கட்சிக்காரர் கண்ணில் படமாட்டார்கள். ஆனால் மேலாண்மைக் குழு வாக்காளர் அட்டையைக் கேட்கவில்லை, பிள்ளையைத்தான் கேட்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் பள்ளி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம் என்று 2016-இல் மக்கள் ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். அங்கே அது பெரிய சண்டையாகிக் கோர்ட்டுக்கே போனது. நமக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது, நாம்தான் கூப்பிடுவதில்லை. அப்படி வந்த குடும்பத்துத் தாய் ஒருவரை அடுத்த கூட்டத்துக்குக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். தமிழ் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவர் பிள்ளை மொழிபெயர்க்கும். எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அப்படித்தான் செய்தாள். அம்மா சொன்னதைவிடக் கொஞ்சம் கூடவே சொல்வாள்.

குழுவில் இருந்து என்ன பிரயோஜனம்? டீயும் பிஸ்கட்டும்தானே?
– கொளத்தூர் வாசகர்

பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது, வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பது இரண்டும் சட்டப்படி குழுவின் வேலை. நீங்கள் கேட்காவிட்டால் டீயும் பிஸ்கட்டும்தான்.

சிகாகோவில் 1988 சட்டத்துக்குப் பிறகு பள்ளிக்குப் பள்ளி ஒரு குழு வந்தது. 6 பெற்றோர், அக்கம்பக்கத்தார் 2 பேர், ஆசிரியர்களும் உண்டு. தலைமை ஆசிரியரையே அவர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. என் பள்ளிப் பெற்றோர் என்னைத் தேர்ந்தெடுத்திருப்பார்களா? முதல் இரண்டு வருடம் நிச்சயமாக மாட்டார்கள்.

நான் ஐடி கம்பெனியில் இருக்கிறேன். பிள்ளைகள் பெரிய தனியார் பள்ளியில். எங்களுக்கும் இந்தக் குழு உண்டா?
– வேளச்சேரி வாசகர்

அரசு உதவி பெறாத பள்ளிக்கு 21-ஆம் பிரிவு பொருந்தாது. பணம் கட்டிய ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் அரசியலே நுழையக் கூடாது. ஒத்துக்கொள்கிறீர்களா?
– மேற்கு மாம்பலம் வாசகர், வயது 78

இல்லை ஐயா. 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதியச் சாப்பாடு போடத் தீர்மானித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. அப்போது மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர், நீதிக்கட்சியின் தலைவர். அரசியல் அன்றைக்குக் கையில் சோற்றோடு நுழைந்தது. 2022-இல் காலை உணவும் அப்படித்தான் வந்தது. கரை வேட்டி வாசல் வழியாக, என்ன கொண்டுவந்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வரட்டும். பின்சுவர் ஏறிக் குதித்து வந்து நாற்காலியைப் பிடிப்பதுதான் எனக்கு ஆகாது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதை என் மகள் எழுதுகிறாள். நான் குழுவில் சேரலாமா டீச்சர்?
– வீட்டுவேலை செய்யும் தாய், புளியந்தோப்பு

தாராளமாகச் சேரலாம் அம்மா. படிப்பு வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கூட்டத்தை உங்கள் வேலை முடிகிற நேரத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். அரை நாள் கூலி போனால் யார் தருவார்கள்?

என் குழுவில் மீன் விற்கும் அம்மா ஒருவர் இருந்தார். கைநாட்டுதான். மத்தியானம் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போவார். தட்டில் அடுக்கியிருக்கும் முட்டையை நாலு நாலாக எண்ணுவார். அப்புறம் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளை எண்ணுவார். மூன்று மாதத்தில் ஒரே ஒரு நாள் கணக்கு இடித்தது, 11 முட்டை குறைவு. அன்றைக்கு என் அறைக்கு வந்து உட்காராமலேயே கேட்டார்: "பதினோரு புள்ளைங்க யாரு டீச்சர்?"