நம்பர் சொன்னா ரேட் சொல்றதுக்கு எதுக்கு இன்ஜினியரிங்? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோயம்புத்தூர்ல பேரிங், பெல்ட், ஆயில் சீல் விக்கிற ஒரு கம்பெனியில சேல்ஸ் இன்ஜினியரா சேர்ந்து ஏழு மாசம் ஆச்சு. காலையில வண்டிய எடுத்தா குறிச்சி சிட்கோ, கணபதி, அரசூர்னு சுத்தறேன். பர்ச்சேஸ்ல இருக்கறவர் பேரிங் நம்பர் சொல்றார், நான் ரேட் சொல்றேன், இன்னும் அஞ்சு பர்சென்ட் குறைங்கறார், அவ்வளவுதான் வேலை. இதுக்கா நாலு வருசம் படிச்சேன்னு வீட்ல கேக்கறாங்க. இப்ப அரசூர் பக்கம் ஒரு ஃபவுண்ட்ரியில பெல்ட்ல ஓடற புளோயர்ல பேரிங் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா போகுது, உங்க மால் டூப்ளிகேட்டான்னு கேக்கறாங்க. மேனேஜர் வேற பிராண்ட் கொடுத்துப் பாருங்கறார். இந்த வேலையில இருக்கலாமா, டிசைன் பக்கம் போயிடட்டுமா? (பேர் போட வேண்டாம்.)

தம்பி,

உங்க கடிதத்துல முக்கியமான விசயம் அந்த புளோயர்தான், நீங்க அதை போற போக்குல சொல்லிட்டு போயிட்டீங்க.

நம்பர் அளவை மட்டும்தான் சொல்லும். 6205னா உள்விட்டம் 25 மில்லி, 6305க்கும் அதே 25 தான், ஆனா வெளிவிட்டம் 52க்கு பதிலா 62, அதனால லோடு அதிகம் தாங்கும். இதெல்லாம் கேட்லாக்ல இருக்கு, இதுக்கு இன்ஜினியர் வேணாம்தான். போன பேரிங் ஏன் போச்சுங்கறது எந்த கேட்லாக்லயும் இருக்காது, அது அந்த பேரிங்குக்குள்ளதான் இருக்கு.

நான் இந்த லைன்ல இருந்தப்ப ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் (காத்துல ஈரப்பதம் ஏத்தறது) ஃபேன் மோட்டார்ல 6316 பேரிங் நாலு மாசம்கூட தாங்காம போயிட்டே இருந்துச்சு, ரெண்டு தடவை நானும் ஒண்ணும் கேக்காம புது பேரிங் கொடுத்து பில் போட்டேன், அதை நெனச்சா இன்னிக்கும் உறுத்துது. மூணாவது தடவை ஃபிட்டர்கிட்ட கேட்டு பழைய பேரிங்கை வாங்கி கட் பண்ணிப் பாத்தா, கிரீஸ் கருப்பா கரி மாதிரி இருந்துச்சு, அதைத் துடைச்சா அவுட்டர் ரேஸ்ல, அதாவது குண்டு ஓடற வெளி வளையத்துல, வரிசையா கோடு, கூரைத் தகரத்தை சின்னதாக்கி ஒட்டினாப்ல. நகத்தால தேய்ச்சா டர்ருன்னு தட்டுது. அந்த ஃபேனுக்கு புதுசா வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கற டிரைவ்) போட்டிருந்தாங்க, ஷாஃப்ட் வழியா கரன்ட் பாஞ்சு பேரிங்கை அரிச்சிருக்கு. எந்த பிராண்ட் போட்டாலும் போகும். என்டிஇ பக்கம், அதாவது மோட்டார்ல ஃபேன் மாட்டாத பின்பக்கம், கரன்ட் பாயாத இன்சுலேட்டட் பேரிங் போட வச்சோம், வெலை பல மடங்கு, பர்ச்சேஸ்ல முகத்தை சுளிச்சாங்க, மெயின்டனன்ஸ்காரர்தான் அந்த பழைய ரிங்கை அவங்க டேபிள்ல வச்சு பேசி வாங்கிக் கொடுத்தார். அதுக்கப்புறம் அந்த மோட்டாருக்கு பேரிங் கேட்டு எனக்கு போன் வரவே இல்ல. ஆனா அந்த மில்லுல வேற எந்த மெஷின் நின்னாலும் எனக்குத்தான் மொதல்ல போன்.

இப்ப உங்க புளோயர். டூப்ளிகேட் சந்தேகத்தை ஒரே நாள்ல முடிச்சிடுங்க, எஸ்.கே.எஃப்., ஷாஃப்லர் ரெண்டுக்குமே ஒரிஜினலான்னு பாக்க ஆப் இருக்கு, பில்லையும் கூட காட்டுங்க. அப்புறம் ஃபிட்டரைப் போய் பாருங்க, மெஷின் நிக்கற அன்னிக்கு போங்க, டீ டைம்ல இல்ல. கழட்டின பேரிங்ல ரெண்டு ரேஸையும் பாருங்க. அவுட்டர் ரேஸ்ல தேய்மானம் ஒரு பக்கம் மட்டும், இன்னர் ரேஸ்ல சுத்திலும்னா லோடு ஒரே திசையில இழுக்குது, பெல்ட்டை ஓவர் டைட்டா கட்டியிருக்காங்களான்னு பாக்கணும். அப்படியே தலைகீழா, இன்னர்ல ஒரு இடத்துல மட்டும், அவுட்டர்ல முழு வட்டமும்னா இம்பெல்லர் (புளோயருக்குள்ள சுத்தற பிளேடு சக்கரம்) அன்பேலன்ஸ், ஃபவுண்ட்ரி தூசி பிளேடுல ஒட்டி பாரம் ஏறியிருக்கும். உருளை எல்லாம் மங்கிப் போய் சொரசொரன்னு இருந்தா சீல் வழியா மண்ணு உள்ள போகுது. கிரீஸ் எவ்வளவு வக்கறாங்கன்னும் கேளுங்க, ஹவுசிங்கை நெறைய அடைச்சிட்டு சூடாகுதுன்னு பேரிங்கை திட்டற ஃபவுண்ட்ரி நெறைய பாத்திருக்கேன், காலி இடத்துல பாதிக்கு மேல போக வேணாம். மாட்டும்போது சுத்தியால நேரா ரிங்கை அடிக்கறாங்களான்னு கேக்காதீங்க, இல்லன்னுதான் சொல்வாங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

இதுல மெட்டலர்ஜி, வைப்ரேஷன், டிரைபாலஜி (உராய்வு, தேய்மானம் பத்தின படிப்பு) எல்லாம் இருக்கு. நீங்க படிச்சதுல எது வீணாச்சு சொல்லுங்க.

டிசைனுக்கு போறது தப்பில்ல, ஆனா இந்த மாதிரி அம்பது பேரிங்கை அறுத்துப் பாத்துட்டு போங்க, போற எடத்துல ஷாஃப்ட் டிராயிங் போடறப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வரும். மேனேஜர் உங்களை ஷாப் ஃப்ளோருக்கே போக விடாம வெறும் கொட்டேஷன் மட்டும் போட வச்சா, அப்ப யோசிக்காம வேற கம்பெனி பாருங்க.

அந்த பழைய பேரிங்கை இன்னும் ஸ்கிராப்ல போடலன்னா உடனே வாங்கி வச்சுக்கங்க. கழுவறதுக்கு முன்னாடி கிரீஸோட ஒரு போட்டோ, துடைச்சப்புறம் ரெண்டு ரேஸையும் வெயில்ல வச்சு போட்டோ, எந்தப் பக்கம் மேல இருந்துச்சுன்னு மார்க்கர்ல குறிச்சு அனுப்புங்க. பாத்துட்டு எழுதறேன்.