எந்தக் காலத்துப் பாட்டு சிறந்தது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

உங்கள் போன கட்டுரையில், 1965 முதல் 1976 வரைதான் வெகுஜன இசையின் உச்சம் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அவரவர் இளவயதில் கேட்ட பாட்டுதான் அவரவருக்கு உசத்தி. என் அப்பாவுக்கு எழுபதுகள், எனக்கு இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தவை, என் மகளுக்கு நேற்று வந்த பாட்டு. இதில் சிறந்த காலம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இருவர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், மக்களுக்கு அதிகம் பிடித்த பாட்டுகள் அவர்களுடைய 23, 24 வயதையொட்டி வந்தவையாக இருந்தன. சரி, பிடிப்பதற்கு அது காரணம். ஆனால் நான் சொன்ன வருடங்களில் நான் பிறக்கவே இல்லை, உங்கள் கணக்குப்படி பார்த்தால் நான் இரண்டாயிரத்தையொட்டி வந்த பாட்டுகளுக்காக அல்லவா வாதாட வேண்டும்?

எனக்கு முக்கியமாகப் படுவது ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்தது. பீட்டில்ஸ் குழு 1967-இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பம் நான்கு டிராக் இயந்திரத்தில், அதாவது ஒரே நாடாவில் நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் இயந்திரத்தில், பதிவானது. நான்கும் நிரம்பிவிட்டால் அவற்றைக் கலந்து இன்னொரு இயந்திரத்தின் ஒன்றிரண்டு டிராக்குகளில் ஏற்றிவிட்டுத்தான் மேலே போக முடியும், ஏற்றிய பிறகு டிரம்ஸை மட்டும் கொஞ்சம் குறைக்கலாமா என்று யோசிக்க வழியில்லை. அதனால் வாசிக்கும்போதே எல்லாவற்றையும் முடிவு செய்துகொண்டு வாசித்தார்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் சின்ன ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்ததைக் கேளுங்கள், ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் மற்ற வாத்தியங்களோடு பேசிக்கொண்டே போகும், அது பக்கத்தில் ஆள் இருந்தால்தான் வரும். (அவர்கள் பெயரைப் பல வருடம் இசைத்தட்டு உறையில் போடவே இல்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத கோபம்.)

அதே சமயம் நீளத்தின் கட்டும் அவிழ்ந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். எல்பி என்ற நீண்ட நேர இசைத்தட்டு 1948-லேயே வந்துவிட்டாலும், பாப் பாடகர்கள் அதை முழுசாகப் பயன்படுத்தத் தொடங்கியது அறுபதுகளின் நடுவில்தான். மோட்டவுனில் பாடிய ஸ்டீவி வொண்டர் 21 வயதானதும் தன் இசைமேல் தனக்கே முழு அதிகாரம் வேண்டும் என்று ஒப்பந்தத்தை மாற்றி எழுத வைத்தார், 1972 முதல் 1976 வரை அவர் தந்த ஐந்து ஆல்பங்களுக்கு ஈடாக ஒருவரின் தொடர்ச்சியான ஐந்து வருடங்களை என்னால் காட்ட முடியவில்லை. நைஜீரியாவின் லாகோஸில் பாடகர் ஃபெலா குட்டி தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை ஓடவிட்டார். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஒலிப்பதிவாளர் கிங் டப்பி மிக்ஸிங் மேசையையே ஒரு வாத்தியமாக்கினார். இத்தனையும் ஏறக்குறைய ஒரே காலத்தில்!

அப்புறம் வந்தவர்களுக்குத் திறமை குறைவு என்று நான் சொல்லவே மாட்டேன். எண்பதுகளின் ஹிப்-ஹாப்பை இரண்டாவது இடத்தில் வைப்பேன், தாளத்தில் அது நிஜமான கண்டுபிடிப்பு. ஆனால் அது எதை எடுத்து வளர்ந்தது? 1970-இல் வெளியான ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசிக்கும் சில நொடிகளை வெட்டி எடுத்து எண்ணற்ற பாட்டுகள் கட்டப்பட்டன. அதே தாளத்தை டிரம் மெஷினில் தட்டிக்கொண்டிருக்கலாம், ஆனாலும் அந்த மனிதரின் கைதான் வேண்டும் என்று தேடிப் போனார்கள்.

இன்றைக்கு நூறு டிராக் வைத்துக்கொண்டு, சுருதியைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம் என்று பாட முடிகிறது. அதிலும் அருமையான பாட்டுகள் வருகின்றன, உங்கள் மகள் கேட்பதில் சிலது நானும் விரும்பிக் கேட்பவையாகவே இருக்கும். ஆனால் காலத்தோடு காலத்தை வைத்துப் பார்த்தால் என் பதில் மாறாது. உங்கள் அப்பா எழுபதுகளில் எதைக் கேட்டார் என்று எழுதுங்கள், அவருடைய பட்டியல் எனக்கு வேண்டும்.