மீன் தொட்டிக் குழாயில் நிற்காத சொட்டு

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு அடி நீள மீன் தொட்டி இருக்கிறது. அதன் கீழே மர அலமாரிக்குள் சம்ப் (நீரை வடிகட்டி மேலே திருப்பி அனுப்பும் கீழ்த்தொட்டி) வைத்திருக்கிறோம். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மேற்புறமாகத் துளையிட்டு, டேங்க் நிப்பிள் (துளையில் நட்டால் இறுக்கும் குழாய் இணைப்பு) பொருத்தி, பிளம்பர் ஒருவர் குழாய் இறக்கிக் கொடுத்தார். இரண்டே மாதத்தில் குழாய் திரும்பும் வளைவில் எல்போ இருக்குமிடத்தில் நீர் சொட்டத் தொடங்கியது. அவரே வந்து வெளிப்பக்கம் சொல்யூஷன் தடவினார். அதன்மேல் நான் எம்-சீல் வைத்து அழுத்தினேன். பத்து நாள் நின்றது, மறுபடியும் சொட்டுகிறது. அலமாரியின் பிளைவுட் உப்பிவிட்டது. மீன்களை வெளியே எடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா?
– வாசகர், திருச்சி

பதில்: முடியும். பம்பை நிறுத்தினால் மேல் தொட்டியின் நீர் துளையின் விளிம்புவரை இறங்கி நின்றுவிடும். வடிகுழாய் தானே காலியாகிவிடும். ஆனால் வெளியே பூசும் வைத்தியத்தை இத்துடன் விட்டுவிடுங்கள். சொல்யூஷன் என்று நாம் கடையில் கேட்டு வாங்குவது பசை அன்று; அது பி.வி.சி.யின் மேற்பரப்பைக் கரைத்து இளக்கி, குழாயும் எல்போவின் வாயும் ஒரே பிளாஸ்டிக்காக ஒன்றிப்போகச் செய்யும் திரவம். அந்த இணைவு உள்ளே நிகழ வேண்டும். விளிம்பில் தடவியது வெறும் தோலாகக் காய்ந்து நிற்கும். உள்ளிருந்து வரும் நீர் அதை மெல்ல நெம்பிக்கொண்டு வெளியேறும். எம்-சீலுக்கும் அதே கதிதான்.

எல்போவில் சொட்டுகிறது என்பதாலேயே எல்போதான் குற்றவாளி என்று முடிவு கட்ட வேண்டாம். நிப்பிளின் வாஷரில் பிறக்கும் கசிவு குழாயின் அடிப்பக்கத்தை ஒட்டியே ஓடிவந்து, தாழ்வான இடமான எல்போவில் திரண்டு சொட்டும். குழாய் முழுவதையும் துணியால் துடைத்து, ஒவ்வோர் இணைப்பையும் சுற்றி டிஷ்யூ தாளை மோதிரம்போலக் கட்டி, பம்பை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதலில் எந்தத் தாள் ஈரமாகிறதோ அங்கேதான் கோளாறு. போர் தண்ணீர் பயன்படுத்துகிறீர்கள் என்றால், நாள்பட்ட கசிவிடத்தில் வெண்மையான உப்பு படிந்திருப்பதும் அடையாளம் காட்டும்.

எல்போதான் என்று உறுதியானால், குழாயின்மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துப் பாருங்கள். என் ஐயம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. விவசாயத்துக்குப் பயன்படும் சாம்பல் நிறக் குழாய் மில்லிமீட்டரில் வருவது. அதில் 32 என்றால் வெளிவிட்டம் 32 மி.மீ. வீட்டு உபயோகத்துக்கான வெள்ளை யு.பி.வி.சி.யில் ஒரு இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ. வெந்நீருக்கும் பயன்படும் சி.பி.வி.சி.யிலோ அதே ஒரு இஞ்ச் 28.6 மி.மீ.தான். ‘ஒரு இஞ்ச் எல்போ கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால், கடைக்காரர் இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்து நீட்டலாம். சாம்பல் குழாயை வெள்ளை எல்போவுக்குள் நுழைத்து, தொளதொளப்பைச் சொல்யூஷனால் நிரப்பியிருந்தால், அது சில வாரம் தாங்குவதே பெரிது. கரைப்பான் ஆவியாகும்போது அந்த நிரப்பல் சுருங்கி, நூலிழை போன்ற வழியை விட்டுவிடும்.

ஒட்டிய எல்போவைக் கழற்ற முடியாது. ஹேக்சா பிளேடால் இருபுறமும் நேராக அறுத்து எடுத்துவிட்டு, ஒரே வகைக் குழாயும் அதற்குரிய எல்போவும் வாங்கிவந்து மாற்ற வேண்டும். சொல்யூஷன் தடவுவதற்கு முன் வெறுமனே செருகிப் பாருங்கள். சரியான ஜோடியாக இருந்தால், எல்போவின் வாய் உள்நோக்கிச் சற்றே குறுகுவதால், குழாய் பாதி அல்லது முக்கால்வாசி ஆழத்தில் இறுகி நிற்கும். தடையில்லாமல் அடிவரை போய் ஆடினால் அந்த ஜோடி வேண்டாம். அறுத்த முனையின் பிசிறுகளை உப்புத்தாளால் நீக்கி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, எல்போவினுள் மெல்லிய பூச்சும் குழாயின்மேல் தாராளமான பூச்சும் கொடுத்து, கால் திருகு திருகியபடி அடிவரை அழுத்தி, 30 விநாடி விடாமல் பிடித்திருங்கள். இந்தக் கடைசி 30 விநாடியைத்தான் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். கையை எடுத்தவுடன் அந்தக் குறுகல் குழாயைப் பின்னுக்குத் தள்ளிவிடும். டப்பாவில் ஜெல்லிபோல் கெட்டியாகிவிட்ட பழைய சொல்யூஷன் உதவாது.

அதன்பிறகு 24 மணி நேரம் குழாயில் நீர் விட வேண்டாம். அந்த ஒரு நாள் மேல் தொட்டியிலும் சம்பிலும் ஏர் பம்பின் கல்லைப் போட்டு வையுங்கள். சம்பிலுள்ள வடிகட்டிப் பொருட்களில் வாழும் நன்மை தரும் பாக்டீரியாக்களுக்கும் ஆக்சிஜன் வேண்டும். மீன்களுக்கு அன்று தீனி தேவையில்லை. மறுநாள் புதிய குழாயினுள் வெறும் நீரை ஊற்றி அலசி வாளியில் பிடித்து வெளியேற்றிவிட்டு, கீழே செய்தித்தாள் விரித்து பம்பைப் போடுங்கள்.

ஒருவேளை நிப்பிளில்தான் கசிவு என்றால், நீர்மட்டத்தைத் துளைக்குக் கீழே இறக்கிவிட்டு, ரப்பர் வாஷர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அது தொட்டியின் உட்புறம், நிப்பிளின் தலைக்கும் கண்ணாடிக்கும் இடையே இருக்க வேண்டும். நட்டின் பக்கம் போட்டிருந்தால் நீர் மரை வழியாகவே நழுவி வந்துவிடும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்குமேல் கால் திருகு போதும். ஸ்பேனரில் பலத்தைக் காட்டினால் கண்ணாடி விரியும்.

கேள்வி: பம்புக்கு மேலே உள்ள யூனியனில் (குழாயை அறுக்காமல் கழற்றி மாட்ட உதவும் இணைப்பில்) கசிகிறது. டெஃப்லான் டேப் பத்துச் சுற்று சுற்றியும் நிற்கவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: டேப்பைப் பிரித்து எடுத்துவிடுங்கள். யூனியனில் நீரைத் தடுப்பது மரை அன்று, அதன் இரண்டு பாதிகளின் முகங்களுக்கும் இடையே உள்ள ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம்; மரையின் வேலை அந்த முகங்களை நெருக்கிப் பிடிப்பது மட்டுமே. பெரிய நட்டின் மரையில் டேப்பை அடுக்கினால் முகங்கள் நெருங்க இடமில்லாமல் கசிவு கூடத்தான் செய்யும். ஓ-ரிங்கைக் கழற்றி, மணல் துகளோ வெட்டோ தெரிகிறதா என்று பார்த்து, பள்ளத்தையும் துடைத்து, சிலிகான் கிரீஸ் சிறிது தடவி மீண்டும் பொருத்துங்கள். வாஸலின் வேண்டாம், அது சில வகை ரப்பரை உப்ப வைக்கும். ஓ-ரிங் தட்டையாகிப் போயிருந்தால், பழையதைக் கையில் எடுத்துக்கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்குங்கள்.

டேப் வேண்டியது வால்வுகளிலும் அடாப்டர்களிலும் வரும் திருகு இணைப்புகளுக்கு. அங்கும் மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுழலும் திசையில் மூன்று நான்கு சுற்றுகள் போதும். இறால், நத்தை வளர்க்கிறீர்கள் என்றால் பித்தளை வால்வைத் தவிர்த்துவிடுங்கள்; அதிலிருந்து கரையும் செம்பு அவற்றுக்கு நஞ்சு.