உளுந்துல சாம்பல் நோய், வேப்பெண்ணெய்க்கு அடங்கலைன்னா

இலைல வெள்ளையா மாவு மாதிரி படியுற இந்த சாம்பல் நோய்க்கு வேப்பெண்ணெய வெறும் தண்ணில ஊத்தி அடிச்சேன், அடங்கலைன்னு சொல்றீங்களே அண்ணே, அங்கதான் கோளாறு. காதி சோப்பு கரைச்சு சேக்கணும், 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி எண்ணெய், 10 நாள் விட்டு இன்னொரு தடவ.

போர் தண்ணி உப்பா இருந்தா சோப்பு திரிஞ்சு எண்ணெய் மேல மிதக்கும், காரைக்குடி பக்கம் எனக்கு அப்படித்தான் ஆச்சு, அப்புறம் கம்மாத் தண்ணிக்கு மாறுனேன். கண்ணாடி டம்ளர்ல கொஞ்சம் எடுத்து அஞ்சு நிமிசம் வச்சுப் பாருங்க, பால் மாதிரியே நின்னா அடிக்கலாம், மேல மஞ்சளா வளையம் கட்டுச்சுன்னா அடிக்காதீங்க.

வெயில் தாழ்ந்து அடிங்க, இல்லன்னா இலை கருகிரும். வயல் முழுக்க வெள்ளையா பூத்துருச்சுன்னா வேப்பெண்ணெய்க்குக் கேக்காது, நனையும் கந்தகம்தான் (தண்ணில கலக்கி அடிக்கிற கந்தகத் தூள்), அதையும் எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் கழிச்சுத்தான் அடிக்கணும்.